ஒலிம்பிக் கப்பலைப் பத்திப் பேசும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டைட்டானிக்னு ஷேர் ஆகுற பழைய போட்டோ நிறைய உண்மையில அதோட அக்கா கப்பல் ஒலிம்பிக்கோடது. நடுவுல கடிகாரம் வெச்ச பெரிய மாடிப்படி போட்டோ இருக்கே, அதுவும் ஒலிம்பிக்ல எடுத்ததுதான். வெளிப்பக்கப் படம்னா லைஃப்போட்டுக்கு நேர் கீழ உள்ள ஏ டெக் நடைபாதையைப் பாருங்க, முன்பாதி ஜன்னல் போட்டு மூடியிருந்தா டைட்டானிக், முழுக்கத் திறந்திருந்தா ஒலிம்பிக்.

அடுத்து, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக ரெண்டு கப்பலையும் மாத்திட்டாங்க, மூழ்குனது டைட்டானிக் பேருல இருந்த ஒலிம்பிக்தான்ங்கிற கதை. 1911 செப்டம்பர்ல ஹாக்ங்கிற போர்க்கப்பல் ஒலிம்பிக் மேல மோதுனது நிஜம், அதை வெச்சு ஊதிவிட்டதுதான் மிச்சமெல்லாம். கட்டுன யார்டுல ஒலிம்பிக் நம்பர் 400, டைட்டானிக் 401. பின்னாடி ஒலிம்பிக்கை உடைச்சப்போ கழட்டுன மரப் பேனல்களோட பின்பக்கம் 400னுதான் இருந்துச்சு, அப்புறம் என்ன சந்தேகம்? அந்த மோதலுக்கு கேப்டன் ஸ்மித் மேல மட்டும் பழி போடுறதும் சரியில்ல, அப்போ கப்பலை வழிநடத்துனது துறைமுக பைலட்.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது, ஒலிம்பிக்கை டைட்டானிக் கதைக்கு அடிக்குறிப்பாவே வெச்சிருக்கிறது. 1911ல இருந்து 1935 வரைக்கும் 24 வருஷம் ஓடுன கப்பல்ங்க! முதல் உலகப் போர்ல சுமார் 2 லட்சம் பேரை ஏத்திட்டுப் போச்சு. 1918 மே 12 விடிகாலையில யு-103ங்கிற ஜெர்மன் நீர்மூழ்கியைப் பார்த்ததும் கேப்டன் ஹேய்ஸ் கப்பலைத் திருப்பி நேரா அது மேலயே விட்டாரு, ஒலிம்பிக்கோட புரொப்பல்லர் அதோட உடம்பைக் கிழிச்சிடுச்சு, அதுல இருந்தவங்க கப்பலைக் கைவிட்டுத் தண்ணியில குதிச்சாங்க, ஒலிம்பிக் நிக்காம போயிடுச்சு, அவங்களை அப்புறம் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல்தான் காப்பாத்துச்சு.

கடைசியா, 1934 மே மாசம் மூடுபனியில நான்டக்கெட் விளக்குக் கப்பல் (கலங்கரை விளக்கம் மாதிரி கடல்ல நிக்கிற கப்பல்) மேல ஏறி 7 பேர் செத்தாங்க, அதனாலதான் ஒலிம்பிக்கை நிறுத்திட்டாங்கன்னு எழுதுறாங்க. அது காரணமில்ல. பொருளாதார மந்தத்துல பயணிகள் குறைஞ்சாங்க, அதே வருஷம் ஒலிம்பிக்கோட கம்பெனி ஒயிட் ஸ்டாரும் இன்னொரு கப்பல் கம்பெனி குனார்டும் ஒண்ணாச்சு, புதுசா குயின் மேரிங்கிற கப்பல் வேற ரெடியாகிட்டு இருந்துச்சு. ஜான் ஜார்விஸ்னு ஒருத்தர் ஒலிம்பிக்கை வாங்கி, இங்கிலாந்துல உள்ள ஜாரோ ஊர்லதான் உடைக்கணும்னு கண்டிஷன் போட்டு வித்தாரு, ஏன்னா கப்பல் கட்டுற யார்டு மூடி வேலையில்லாம தவிச்ச ஊர் அது.