ஸ்லாக் சிமென்ட்: கியூப் பாஸ், தளம் ஃபெயில்

இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடுதான் ஸ்லாக்; அதை அரைத்துக் கலந்த ஸ்லாக் சிமென்ட்டில் புதிதாக இறங்குபவர்களைப் பார்க்கிறேன். அன்று நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். கலவையில் தண்ணீரைக் கூட்டக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

மூன்றாம் நாளே தண்ணீரை நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு தளம் போட்டோம். சிமென்ட்டில் பாதி ஸ்லாக். மூன்றாம் நாள் மேலே கெட்டியாகத் தெரிந்தது, ஈரச் சாக்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். அதே கலவையில் வார்த்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் சோதனைக் கட்டி, அதாவது கியூப், நன்றாகவே வந்தது. ஆனால் தளத்தைத் தடவினால் உள்ளங்கை முழுக்க மாவு. கடைசியில் மேலடுக்கைச் சுரண்டி எடுத்து மறுபடி போட்டோம்.

கியூபில் தவறில்லை. அது தொட்டித் தண்ணீரில் கிடந்தது, தளம் வெயிலில் காய்ந்தது.

உருகிய கசடைத் தண்ணீரடித்துச் சட்டென்று குளிரவைப்பதால் அது கண்ணாடியாகிறது. வெறும் தண்ணீருக்கு அது லேசில் மசியாது. முதலில் கிளிங்கர், அதாவது மூட்டையில் ஸ்லாக்கோடு இருக்கும் சாதாரண சிமென்ட் பகுதி, நீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடைத் தர வேண்டும். அந்தக் காரம் கண்ணாடியை அரித்த பிறகுதான் ஸ்லாக் பசையாகி நுண்துளைகளை அடைக்கும். அது மும்முரமாகும் நேரத்தில் நாம் தண்ணீரை நிறுத்துகிறோம்.

முதலில் காய்வது மேல்பகுதி. கம்பியைக் காக்கும் கவர் அங்கேதான் இருக்கிறது. துளை அடைபடாத கவருக்குள் கார்பன் டை ஆக்சைடு சுலபமாக இறங்கும். ஸ்லாக் கலவையில் கால்சியம் ஹைட்ராக்சைடு ஏற்கெனவே குறைவு. காரத்தன்மை சீக்கிரம் விழும், அப்புறம் கம்பி துருப்பிடிக்கும். உப்பைத் தாங்கும் என்று நம்பித்தானே இந்த சிமென்ட்டை எடுக்கிறோம்! இப்போதெல்லாம் 14 நாளுக்கு முன் சாக்கில் கைவைக்க யாரையும் விடுவதில்லை. குளிர்காலத்தில் வினை இன்னும் மந்தம், நாளைக் கூட்டுவேன்.

பச்சையைப் பார்த்துப் பயப்படுவது

சென்ட்ரிங் பிரித்ததும் கான்கிரீட் நீலப்பச்சையாக இருக்கும். ஸ்லாக்கில் உள்ள சல்பைடின் வேலை அது. காற்றுப் பட்டால் வெளுத்துவிடும். ஒரு தம்பி கெட்டுப்போன கான்கிரீட் என்று நினைத்து உளியால் கொத்தவே தொடங்கிவிட்டார்.

பழைய நாள் கணக்கில் சென்ட்ரிங் பிரிப்பது

ஸ்லாக் சிமென்ட்டில் ஆரம்ப பலம் மெதுவாக வரும், சாதாரண சிமென்ட்டின் நாள் கணக்கு ஒத்துவராது. தளத்தின் பக்கத்திலேயே வைத்துப் பதப்படுத்திய கியூபை உடைத்துப் பார்த்துப் பிரியுங்கள்.

ஸ்லாக் சிமென்ட்டில் மேலும் ஸ்லாக் கலப்பது

மூட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

தானாக ஆறிய கசடை அரைத்துச் சேர்ப்பது

மெதுவாக ஆறினால் படிகமாகிவிடும். ஜல்லிக்கு ஆகும், சிமென்ட்டுக்கு ஆகாது.