நோட்டுக்கு மேலே நிற்கும் ஷார்ப்பைக் கவனியுங்கள்
பாலஸ்த்ரீனா, விக்டோரியா, பேர்ட் போன்ற 16ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களின் லத்தீன் தேவாலயப் பாடல்களுக்கு இன்றைய பதிப்பு ஒன்று கையில் வந்தால், உடனே பாடத் தொடங்காதீர்கள். முதல் வரியின் இடது ஓரத்தைப் பாருங்கள். நல்ல பதிப்பென்றால் அங்கே பழைய கிளெஃப்பும் (கோடுகள் எந்தச் சுருதி என்று காட்டும் குறி) மூலத்தின் முதல் நோட்டும் (ஸ்வரக் குறி) குட்டியாக இருக்கும். சுருதியை மாற்றியிருக்கிறார்களா, நோட்டின் கால அளவைப் பாதியாக்கியிருக்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஷார்ப், ஃபிளாட்: ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும், இறக்கும் குறிகள். நோட்டுக்கு முன்னால் இருந்தால் பொதுவாக அது மூலத்தில் உள்ளது. நோட்டின் தலைக்கு மேலே சிறியதாக இருந்தால் பதிப்பாசிரியரின் யோசனை. பெரும்பாலும் அந்த ஒரு நோட்டுக்கு மட்டும்தான். அந்தக் காலப் பாடகர்கள், எழுதாததையும் இடமறிந்து சேர்த்துப் பாடியவர்கள். அதனால்தான் பதிப்புக்குப் பதிப்பு இது மாறுகிறது. குழுவில் இரண்டு பதிப்புகள் கலந்துவிட்டால் போச்சு: வரி முடியும் இடத்தில் ஒருவர் எஃப் பாடுவார், பக்கத்தில் நிற்பவர் எஃப் ஷார்ப் பாடுவார். ஒத்திகைக்கு முன்பே இவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு, எதை வைத்துக்கொள்வது என்று பேசி முடித்துவிடுங்கள்.

பார் கோடுகளும் (தாளப் பகுதிகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள்) பின்னால் சேர்த்தவையே. 16ஆம் நூற்றாண்டின் தனிக்குரல் புத்தகங்களில் (ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம்) அவை கிடையாது. கோட்டை அடுத்த நோட்டு என்பதற்காக அழுத்த வேண்டாம். 'டோமினுஸ்' (ஆண்டவர்) என்றால் அழுத்தம் 'டோ'வில்தான், அது எங்கே விழுந்தாலும் சரி.