சித்திரை வெக்கையில் அடைமுட்டை காத்த விதம்

மேலூருக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில், சென்ற சித்திரையில் அடைவைத்த 12 முட்டைகளில் நான்கே பொரித்தன. மற்றவை கூமுட்டையாகிவிட, நான் கோழியைத்தான் குறை சொன்னேன். உண்மையில், தகரக் கூரையின் கீழ் பத்து நாள்களுக்கு மேல் சேர்த்துவைத்ததால் அவை முன்பே கெட்டிருந்தன.

இம்முறை, மாமியார் சொன்னபடி, அகன்ற மண்சட்டியில் பாதியளவு ஆற்றுமணலை நிரப்பி, வேப்பமர நிழலில் கழுத்தளவு புதைத்து, சட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் மட்டும் (முட்டை நனையக் கூடாது) காலையும் மாலையும் நீர் தெளித்து, மேலே பருத்தித் துணியை மூடிவைத்தோம். கூர்முனை கீழிருக்குமாறு அடுக்கிய ஒவ்வொரு முட்டையிலும் மகள் பென்சிலால் தேதி எழுதினாள். ஒரு வாரம் கடந்தவை குழம்புக்குப் போயின.

அடைவைத்த ஏழாம் நாள் இரவு, டார்ச் ஒளியில் சிலந்திவலைபோல் செந்நரம்பு தெரியாத, அதாவது கரு வளராத, இரண்டை அகற்றினேன். 21ஆம் நாள் விடியலில் ஓடு கொத்தும் ஓசை கேட்டது. பொரித்த ஒன்பது குஞ்சுகளையும், பருந்துக்குப் பயந்து, பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.