ஆவணக் காப்பகம் மூடியிருக்கும்போது ஊர் வரலாறு தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

காப்பகத்தில் மராமத்து நடக்கும், கட்டடம் மாறும், வேறு ஏதாவது காரணம் இருக்கும். சில மாதங்களுக்குக் கதவு திறக்காது. அந்த அறிவிப்பு வந்தவுடன் புதிதாக ஊர் வரலாறு தேடுபவர்கள் என்னிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் செய்வதெல்லாம் வந்த புதிதில் நாங்களும் அடித்த கூத்துதான். பெயரைப் பல விதமாக எழுதித் தேடுங்கள் என்பது போன்ற பாலபாடத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

"தேடிப் பார்த்தேன், இல்லை"

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் வாக்கியம் இது. எங்கே தேடினீர்கள் என்று கேட்டால், ஒரு தளத்தின் தேடல் பெட்டியில் பெயரை அடித்துப் பார்த்தேன் என்பார்கள். அந்தப் பெட்டி பெரும்பாலும் ஆவணத்துக்குள் போய்த் தேடுவதில்லை. யாரோ படித்துத் தட்டச்சு செய்து வைத்த பெயர்ப்பட்டியலைத்தான் துழாவுகிறது. பட்டியல் போடாத பதிவேடு அதன் கண்ணில் படாது.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் பயன்படுத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பிடிக்கும் மைக்ரோபிலிம் வேலையை 1938-இல் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-இல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். அவற்றில் ஏராளமானவற்றுக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. பழைய கையெழுத்தைக் கணினியே படிக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது, ஆனால் அது எல்லாச் சுருளுக்கும் இல்லை. அதனால் கேட்லாகில் ஊர்ப்பெயரைப் போட்டு, ஆவண வகையைப் பார்த்து, சுருளைத் திறந்து நீங்களே புரட்ட வேண்டும். சில சுருள்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது. அந்தத் தளத்தோடு இணைந்த நூலகத்துக்குப் போனால் திறக்கும்.

நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே சுருளில் மூன்று நான்கு பதிவேட்டுத் தொகுதிகள் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களுக்கு முதலில் போங்கள். அந்தக் காலத்து எழுத்தர் தன் வசதிக்காகக் கையால் போட்ட பெயர் வரிசை பெரும்பாலும் அங்கே இருக்கும், சில தொகுதிகளில் முன்னால். முதல் எழுத்துப்படி மட்டும் பிரித்திருப்பார். அதற்குள் அகரவரிசையெல்லாம் பார்த்திருக்க மாட்டார். பெயருக்கு எதிரே இருக்கும் எண் பதிவேட்டின் பக்க எண் அல்லது பதிவு எண். திரையில் தெரியும் பட எண்ணோடு அது பொருந்தாது. புதியவர்கள் பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவு "கிடைக்கவில்லை, அழிந்திருக்கலாம்" என்று குடும்ப வரலாற்றில் எழுதி வைத்தார். அதைப் பார்த்து எழுதிய உறவினர்கள் "அழிந்துவிட்டது" என்றே போட்டுவிட்டார்கள். சுருளோ இணையத்தில் சும்மா கிடந்தது. எழுத்தரின் வரிசையில் கொள்ளுத்தாத்தா இருந்தார், குடும்பப் பெயரில் அல்ல, முதல் பெயரில். எழுதியவர் திருத்திக்கொண்டார். உறவினர்களின் பிரதிகளில் அது இன்னும் அழிந்துதான் போயிருக்கிறது. எனவே "இல்லை" என்று எழுதாதீர்கள். எந்தத் தொகுதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, பட்டியலைப் பார்த்தீர்களா பக்கங்களையே பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.

ஒரே பிரதிதான் இருக்கும் என்று நினைப்பது

நிர்வாகம் என்றாலே நகல்தான். இங்கிலாந்தில் 1598 முதல் தேவாலயங்கள் தங்கள் பதிவேட்டின் நகலை ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூலம் ஓரிடம், நகல் வேறிடம். டப்ளினில் 1922-இல் பொது ஆவண அலுவலகம் எரிந்தது; நூறு ஆண்டு கழித்து, பிற காப்பகங்களில் இருந்த நகல்களையும் குறிப்புகளையும் சேர்த்து அதை இணையத்தில் மறுபடி எழுப்பினார்கள். எரிந்ததற்கே மாற்று கிடைக்கிறது, மூடியதற்குக் கிடைக்காதா? (பாரிஸ் கதை வேறு. அங்கே பதிவேடுகளின் மூலம், நகல் இரண்டும் ஒரே நகரில் இருந்தன, 1871-இல் இரண்டும் எரிந்தன.) உங்கள் ஆவணத்தின் நகல் யாருக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள்: மேல் அலுவலகமா, நீதிமன்றமா, திருச்சபைத் தலைமையகமா?

குறிப்பு எண் இல்லாமல் படத்தை இறக்கி வைப்பது

இரண்டு மாதம் கழித்து அது எந்தப் பதிவேடு என்று உங்களுக்கே தெரியாது.

உடனே காசு கட்டுவது

அதே படம் வேறெங்காவது இலவசமாக இருக்கலாம். பொது நூலகம் சந்தா கட்டியிருக்கலாம். 2020-இல் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் மூடியிருந்தபோது, தன் தளத்திலிருந்த டிஜிட்டல் ஆவணங்களைப் பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது.

செத்த இணைப்பைப் பார்த்துத் திரும்பிவிடுவது

அந்த முகவரியை வேபேக் மெஷினில் போடுங்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளம் அது.

ஆளே இருக்க மாட்டார்கள் என்று விட்டுவிடுவது

பூட்டியிருப்பது பெரும்பாலும் வாசிப்பறைதான். மின்னஞ்சலைப் படிக்க ஆள் இருப்பார். "எங்கள் ஊரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தொகுதி எண், ஆண்டு, பக்கம் கொடுத்து, இந்த ஒரு பக்கத்தின் ஸ்கேன் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம், எப்போது திறப்பார்கள், முன்பதிவு வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை தொகுதி தருவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். திறந்த முதல் வாரத்தில் நாற்காலி கிடைப்பது கஷ்டம்.