விவாகரத்துக்குப் பிறகு குழந்தையை வரிக் கணக்கில் காட்டுவது யார்? அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாசாமாசம் பணம் கட்டுறது நான்தானே, அப்போ குழந்தையை டேக்ஸ்ல நான்தானே காட்டணும்?" இல்லை. நீங்கள் எவ்வளவு சைல்ட் சப்போர்ட் (குழந்தைப் பராமரிப்புப் பணம்) கட்டினாலும் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் எண்ணுவது இரவுகளைத்தான். அந்த வருஷம் குழந்தை யாரோடு அதிக இரவுகள் இருந்ததோ அவருக்கே உரிமை. கேம்ப்பிலோ ஃபிரெண்ட் வீட்டிலோ தூங்கிய இரவு, அன்றைக்கு யாரிடம் இருந்திருக்க வேண்டுமோ அவர் கணக்கில் சேரும்.

"எங்களுக்குச் சரிபாதி" என்பவர்களுக்கு ஒரு விஷயம்: 365 இரவுகளைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது, ஒருவருக்கு 183 வந்தே தீரும். நிஜமாகவே சமமாக வந்தால் (லீப் வருஷத்தில் வரலாம்) ஏஜிஐ (சில கழிவுகள் போக மீதமுள்ள மொத்த வருமானம்) அதிகமுள்ளவருக்குப் போகும். காலண்டரில் அன்றன்றைக்கே குறித்து வையுங்கள், வரி தாக்கல் செய்யும் ஏப்ரலில் உட்கார்ந்து யோசித்தால் சண்டைதான் மிஞ்சும்.

பலரும் மாட்டிக்கொள்வது கோர்ட் தீர்ப்பை நம்பித்தான். "ஒற்றைப்படை வருஷம் அப்பாவுக்கு" என்று தீர்ப்பிலேயே இருந்தாலும், 2008க்குப் பிறகு வந்த தீர்ப்பு என்றால் அந்தக் காகிதம் ஐஆர்எஸ்ஸுக்குப் போதாது. குழந்தை அதிக இரவுகள் இருந்த பெற்றோர் ஃபார்ம் 8332-இல் (குழந்தையைக் காட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கும் படிவம்) கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மறுத்தால் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஐஆர்எஸ் பஞ்சாயத்துக்கு வராது. அதனால் எந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், வக்கீல்களே இதை விட்டுவிடுவதுண்டு.

அப்புறம், 8332 கொடுத்தால் எல்லாமே கைமாறிவிடும் என்பதும் தப்பு. மாறுவது சைல்ட் டேக்ஸ் கிரெடிட் மாதிரி சிலதுதான் (2025க்கு ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 2,200 டாலர்). ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கான வரி வகை), ஈஐடிசி (குறைந்த வருமானத்தில் வேலை செய்பவருக்கான கிரெடிட்), டேகேர் செலவுக்கான கிரெடிட் எல்லாம், தகுதி இருந்தால், குழந்தை அதிக இரவுகள் இருந்தவரிடமே தங்கிவிடும். ஃபார்ம் வாங்கியவர் இவற்றையும் சேர்த்துப் போட்டு மாட்டுகிறார். கொடுத்தவரோ எல்லாம் போயிற்று என்று நினைத்துத் தனக்குள்ளதையும் விட்டுவிடுகிறார். எதிர்கால வருஷங்களுக்கும் சேர்த்து மொத்தமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு அதை ரத்து செய்து, ஃபார்ம் வாங்கிய மற்றப் பெற்றோருக்குத் தெரிவித்தாலும், அடுத்த வருஷத்திலிருந்துதான் செல்லும்.

முந்தி ஃபைல் செய்தவருக்கே குழந்தை என்பதும் கிடையாது. அவர் முந்திக்கொண்டதால் உங்கள் ஈ-ஃபைல் திரும்பி வந்தால், ஐபி பின் (ஐஆர்எஸ் தரும் அடையாளப் பாதுகாப்பு எண்) வாங்கி மறுபடி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பேப்பரில் தபாலில் போடுங்கள். இரண்டு பேருக்கும் கடிதம் வரும், தப்பாகக் காட்டியவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். விதியைச் சட்டை செய்யாமல் காட்டியிருந்தால் 2 வருஷத்துக்கு அந்தச் சலுகையே கிடைக்காமல் போகலாம். தப்பாகக் காட்டியது நீங்கள் என்றால், கடிதத்துக்குக் காத்திருக்காமல் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்திவிடுங்கள்.