சீசன் முழுக்கத் துறையில் நிற்கும் சிறு படகு

20 அடிப் படகைத் துறையில் கட்ட 10 மி.மீ. முப்பிரி நைலான் கயிறு போதும். நைலான் நீண்டு மீள்வதால் அலையின் திடீர் இழுப்பு, கயிற்றைச் சுற்றிக் கட்டும் கிளீட்டைப் பிடுங்காது. பாலிப்ரொப்பிலீன் மலிவுதான், ஆனால் வெயிலில் பொடிந்துபோகும், வேண்டாம்.

முன்னால் இரண்டு, பின்னால் குறுக்காக இரண்டு கட்டுங்கள். பலர் விட்டுவிடுவது ஸ்பிரிங் கயிறுகளை. படகு முன்னும் பின்னும் ஓடி, அதைக் கட்டியிருக்கும் துறை மேடையில் மோதாமல் தடுப்பவை அவைதான். ஒன்று முன்னிருந்து பின்னோக்கி, மற்றது பின்னிருந்து முன்னோக்கி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய படகின் நீளம். மேடை மிதப்பதானால் ஓதத்துக்காக (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) கயிற்றைத் தொட வேண்டியதில்லை. நிலையான மேடை என்றால் உயர் ஓதம், தாழ் ஓதம் இரண்டையும் பார்த்துத் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் வற்றும்போது படகு கயிற்றில் தொங்கும்.

கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டை மாட்டுங்கள்.

மழைநீர் சேரச் சேர, படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடி, பேட்டரி தீர்ந்து, கட்டிய இடத்திலேயே படகு மூழ்கும். வாரம் ஒருமுறை நீர் ஏறியதும் பம்பை ஓடவைக்கும் மிதவை சுவிட்சைக் கையால் தூக்கிப் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி வோல்ட் 12.2க்குக் கீழே போயிருந்தால் அன்றே சார்ஜ் ஏற்றுங்கள். உப்புநீரில் மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.