கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? முதலில் பச்சைப் பட்டையைப் பாருங்கள்

சித்தி வீட்டில் புது மானிட்டர் வாங்கி மாட்டிய அன்றே ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. விசாரித்த கடையில் "போர்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தால், மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியதும் வின்டோஸ் சத்தம் முழுவதையும் ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது! மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், டிரைவரில் (ஸ்பீக்கர் போன்ற கருவியை வின்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கை வைப்பதற்கு முன் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஒரு பாட்டை ஓடவிடுங்கள். கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்கள், வின்டோஸ் 11 என்றால் அந்தப் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும், அதை அழுத்தினால் பழைய சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் பிளேபேக் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கிறது, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறதோ அங்கே பச்சை நிறம் ஏறி இறங்கும். மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில் ஆடினால் உங்கள் ஸ்பீக்கர் பெயரில் ரைட் கிளிக் செய்து 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுங்கள், முடிந்தது. ஸ்பீக்கர் பெயரே இல்லையா, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' போட்டுப் பாருங்கள்.

சரி, பட்டை ஸ்பீக்கர் பக்கத்திலேயே ஆடுகிறது, ஆனால் காதுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு வெளியே இருக்கிறது. ஸ்பீக்கரின் சுவிட்ச், அதன் வால்யூம் திருகு, அப்புறம் வயரின் முனையில் உள்ள செருகும் பின், மூன்றையும் பாருங்கள். சிபியூவின் பின்பக்கம் பச்சை நிற ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு, ரோஸ் நிறம் மைக்குக்கு. முன்பக்க ஓட்டையில் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே அதன் வயர் மதர்போர்டில் மாட்டாமல் இருக்கலாம், பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் இதில் குழம்பிப்போகிறார்கள்: பாட்டில் மேளமும் வயலினும் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும். பின் முழுதாக இறங்கவில்லை, அல்லது இடம் வலம் இரண்டுக்கும் பொதுவான எர்த் வயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். குரலை வழக்கமாக இடம் வலம் இரண்டிலும் சமமாகப் பதிவு செய்வார்கள், இந்தப் பொது எர்த் இணைப்பு விட்டுப்போனால் அந்தச் சமமான பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள், குரல் திரும்பி வரும். வராவிட்டால் வேறு ஹெட்போனைச் செருகிப் பார்த்தால் கேபிளா ஓட்டையா என்று தெரிந்துவிடும்.

பட்டை எங்குமே ஆடவில்லையா? பிரவுசர் டேபை மியூட் செய்திருக்கிறீர்களா, ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி சத்த அளவு காட்டும் வால்யூம் மிக்சரில் அந்த ஆப் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஸ்டார்ட் தேடலில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து 'வின்டோஸ் ஆடியோ'வை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாகத்தான் டிரைவர்: டிவைஸ் மேனேஜரில் சவுண்டு பகுதியில் உள்ள கருவியை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் வின்டோஸே மறுபடி போட்டுக்கொள்ளும். புதிது வேண்டுமானால் லேப்டாப் அல்லது மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று கூப்பிடும் மென்பொருள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரக்கிறது என்றால் அந்தப் பழைய பெட்டியில் ஸ்பீக்கர் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸை (சத்தத்தை மெருகூட்டும் வசதிகள்) அணைத்துப் பாருங்கள். கால் பேசும்போது மற்ற சத்தம் எல்லாம் தானாகக் குறைந்தால் அந்தப் பழைய பெட்டியிலேயே கம்யூனிகேஷன்ஸ் பகுதியில் 80 சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கும், 'டூ நத்திங்' என்று மாற்றிவிடுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் மைக்கை ஆன் செய்ததும் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி ஆவது கோளாறே இல்லை, பேசுவதற்கான முறைக்கு மாறிவிடுகிறது, அவ்வளவுதான். மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே தேர்ந்தெடுத்தால் பாட்டு பழையபடி கேட்கும்.